பார்வை இல்லாமல் இணையத்தில் பெலோத் ஆட முடியுமா?

குருசுக்குப்பத்து அக்கா:

வணக்கம். புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், நான் சொல்லச் சொல்லக் கைபேசி எழுதிக்கொள்கிறது. சந்திப்பிழை இருந்தால் அதைத் திட்டுங்கள்.

தொலைபேசித் துறையில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கண்நீர் அழுத்த நோய் பார்வையை ஓரங்களிலிருந்து அரித்துக்கொண்டே வந்து, இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிற அளவில் விட்டிருக்கிறது. அனுதாபம் வேண்டாம், சீட்டாட்டம் வேண்டும்.

என் அப்பா ஒரு சொல்தா. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவரும் அவரைப் போன்ற மூன்று பேரும் மாலையானால் எங்கள் திண்ணையில் பெலோத் என்ற பிரெஞ்சுச் சீட்டாட்டம் ஆடுவார்கள். ஒருவர் வராத நாட்களில் நான்காவது கையாக என்னை உட்கார வைத்தார்கள். பெண்பிள்ளை சீட்டைத் தொடலாமா என்று பாட்டி முணுமுணுப்பார். ஆள் இல்லாவிட்டால் ஆட்டமே நின்றுவிடும் என்ற நியாயத்துக்கு முன்னால் அது எடுபடவில்லை. அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இப்போது தம்பி பாரீஸுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். அவனும் அவன் மனைவியும் எங்கள் பெரியப்பா மகனும் கைபேசியில் ஏதோ ஒரு செயலியில் பெலோத் ஆடுகிறார்கள். "அக்கா, நீயும் வா" என்கிறார்கள். செயலியை இறக்கி, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கோடு திறந்தேன். விரலால் எங்கே தடவினாலும் மௌனம். ஓரிடத்தில் மட்டும் "பொத்தான்" என்றது. என்ன பொத்தான் என்று சொல்லவில்லை. துணிந்து இருமுறை தட்டினேன், ஏதோ ஒன்றை வாங்கச் சொல்லும் விளம்பரம் திறந்துகொண்டது. விளம்பரத்தை மட்டும் நிறுத்தாமல் படித்தது.

என்னிடம் ஆண்ட்ராய்டு கைபேசியும், பேரன் விட்டுப்போன விண்டோஸ் மடிக்கணினியும் இருக்கின்றன. தட்டச்சு தெரியும். பிரெய்ல் தெரியாது. பெலோத் ஆட வழி உண்டா? இல்லையென்றால் வேறு எந்தச் சீட்டாட்டமாவது?

உப்பனாறு:

அம்மா, வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, வந்த சீட்டைப் படித்துச் சொன்னால் நீங்கள் ஆடலாமே? இதற்குத் தனியாக மென்பொருள் எதற்கு?

குருசுக்குப்பத்து அக்கா:

தம்பி, நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். மருமகளை உட்கார வைத்துப் பார்த்தாயிற்று. நல்ல சீட்டு வந்தால் குரலிலேயே சிரிப்பு வந்துவிடும். தொலைபேசியில் தம்பி அதைக் கேட்டுவிட்டு உடனே பாஸ் சொல்லிவிடுவான். அதோடு, "அத்தை, ராஜாவைப் போடுங்கள்" என்று ஆலோசனை வேறு. அப்புறம் ஆடுவது யார்?

கெடிலக்கரை:

அக்கா, நான் கடலூர் மஞ்சக்குப்பம். பிறவியிலேயே பார்வை கிடையாது. பெலோத் எனக்குத் தெரியாது, ஊனோவும் ரம்மியும் தெரியும். இணையத்தில் ஆடிப் பழகியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. குவென்டின் சி ப்ளேரூம் என்று ஒரு தளம் இருக்கிறது. திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களை மனத்தில் வைத்தே கட்டியது. பிரெஞ்சு பேசுகிறவர்களிடமிருந்து கிளம்பிய தளம் என்பதால் ஊனோ, போக்கர் ஆகியவற்றோடு உங்கள் பெலோத்தும் அங்கே இருக்கிறது. பணம் கட்ட வேண்டியதில்லை. பார்வை உள்ளவர்களும் உட்காரலாம், ஆகவே உங்கள் தம்பி குடும்பம் அங்கே வந்துவிட்டால் போதும். அவர்கள் ஆடும் செயலிக்குள் நீங்கள் நுழையப் போராடுவதைவிட அவர்களை இங்கே இழுப்பது சுலபம். வண்ணப் படமாகச் சீட்டு தெரியவில்லை என்று முதலில் சலித்துக்கொள்வார்கள். எங்கள் கூட்டத்தில் சேர்ந்த பார்வையுள்ள நண்பர்கள் எல்லோருமே சலித்துக்கொண்டார்கள், பிறகு தோற்றார்கள், பிறகு பழகினார்கள்.

மடிக்கணினியில் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவுங்கள். ஆஸ்திரேலியாவில் 2006இல் பார்வையற்ற ஒருவர் தொடங்கிய மென்பொருள். இன்றும் இலவசம். தமிழும் பேசும், அதனோடு வரும் ஈஸ்பீக் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தாலும். விளையாட்டுத் தளம் தமிழில் இல்லை. ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ தேர்ந்தெடுத்து, அதற்கேற்ற குரலை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குரலை வைத்துப் பிரெஞ்சைப் படிக்கவிட்டால் உங்கள் அப்பா எழுந்து வந்துவிடுவார். இன்செர்ட் விசையோடு கன்ட்ரோலையும் வி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் குரல் அமைப்பு திறக்கும். வேகத்தை அங்கே குறைத்துக்கொள்ளலாம். பேச்சு அதிகமானால் கன்ட்ரோல் விசையைத் தனியாக ஒரு தட்டு, வாயை மூடிக்கொள்ளும்.

ஆட்டம் முழுக்கவும் விசைப்பலகையில்தான். அம்புக்குறிகளால் உங்கள் கைச்சீட்டில் ஒவ்வொன்றாக நகருங்கள், பெயரைச் சொல்லும். இறக்க என்டர். அவ்வளவுதான். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பார்வை உள்ளவர் மேசையை ஒரு முறை பார்த்தால் போதும். யார் முறை, என்ன இறங்கியிருக்கிறது, தன் கையில் எது எங்கே இருக்கிறது, யாரிடம் எத்தனை சீட்டு மிச்சம் எல்லாம் ஒரே நொடியில் கிடைக்கிறது. நமக்கு அதெல்லாம் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வருகிறது. அதனால் நல்ல விளையாட்டு எது, கெட்ட விளையாட்டு எது என்று நான் ஒரே கேள்வியில் அளந்துவிடுவேன்: கேட்டால் சொல்கிறதா, கேட்காமல் பேசிக்கொண்டே இருக்கிறதா? எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சில விளையாட்டுகள் நம்மைக் களைப்பாக்கிவிடும். ஒவ்வொரு முறையும் நான்கு பேரின் புள்ளியையும் ஒப்பித்தால், நடுவில் இறங்கிய சீட்டு காதில் விழாது. இறங்கிய சீட்டையும் அதை இறக்கியவரையும் மட்டும் தானாகச் சொல்லிவிட்டு, மற்றதற்கெல்லாம் ஆளுக்கொரு விசை கொடுப்பதுதான் சரி. மேசையில் என்ன இருக்கிறது என்று கேட்க ஒன்று, புள்ளி கேட்க ஒன்று, யார் முறை என்று கேட்க ஒன்று. அதே நேரம், அடுத்தவர்களுக்குக் கிடைக்காத தகவலை நமக்குக் கொடுக்கவும் கூடாது. இதுவரை என்னென்ன துருப்பு போனது என்று பட்டியல் படித்துக் காட்டும் மேசையில் நான் உட்கார மாட்டேன். அதை நினைவில் வைப்பதுதானே ஆட்டம்?

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது: காதுக்குழல் போட்டுக்கொண்டு ஆடுங்கள். தம்பியோடு வாட்ஸப்பில் பேசிக்கொண்டே ஆடும்போது கணினியின் குரல் வெளியே கேட்டால், உங்கள் சீட்டு மொத்தமும் பாரீஸுக்குப் போய்விடும். நான் செய்வது இது: கைபேசியை ஸ்பீக்கரில் மேசைமேல் வைப்பேன், கணினியின் குரலை ஒரு காதில் மட்டும் மாட்டுவேன். ஆபரேட்டராக இருந்தவருக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

உப்பனாறு:

அக்கா சொன்னது புரிந்தது, மன்னிக்கவும். ஒரு சந்தேகம். பெலோத் என்றால் என்ன? ரம்மி போன்றதா? புதுச்சேரிக்கு அடிக்கடி வருகிறேன், கடற்கரைச் சாலைப் பக்கம் குண்டு போட்டு ஆடும் பெத்தாங் பார்த்திருக்கிறேன், இதைக் கேள்விப்பட்டதில்லை.

குருசுக்குப்பத்து அக்கா:

ரம்மியா! ரம்மி சேர்க்கிற ஆட்டம். இது அடிக்கிற ஆட்டம். நான்கு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். சீட்டுக்கட்டில் ஏழுக்குக் கீழே உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டால் 32 மிஞ்சும். ஆளுக்கு ஐந்து சீட்டு போட்டுவிட்டு ஒன்றைத் திருப்பி நடுவில் வைப்பார்கள். அந்த இனத்தைத் துருப்பாக, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனமாக, வைத்து ஆடத் துணிகிறவர் அதை எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் பாஸ் சொன்னால் இரண்டாம் சுற்றில் வேறு இனத்தைச் சொல்லலாம். பிறகு மிச்சத்தைப் போட்டு ஆளுக்கு எட்டாக்குவார்கள்.

அழகு எங்கே என்றால், துருப்பில் மரியாதையே தலைகீழ். மற்ற இனங்களில் ஏஸ்தான் பெரியது, பதினொன்று. அடுத்தது பத்து. ஜாக்கிக்கு இரண்டு, ஒன்பதுக்கு ஒன்றுமே இல்லை. அதே ஜாக்கி துருப்பாகிவிட்டால் இருபது, எல்லாவற்றுக்கும் மேலே. ஒன்றுக்கும் உதவாத ஒன்பது பதினான்கு புள்ளியோடு இரண்டாம் இடத்துக்கு ஏறி ஏஸைத் தூக்கிவிடும். எங்கள் அப்பா துருப்பு ஜாக்கியை இறக்கும்போது மேசை அதிரும். சீட்டை வைக்க மாட்டார், அறைவார். ஆளுக்கொரு சீட்டு இறங்கும் ஒரு சுற்றுக்குப் பிடி என்று பெயர். மொத்தப் புள்ளி 152, கடைசிப் பிடிக்குப் பத்து, ஆக 162. துருப்பு எடுத்தவர் பக்கம் அதில் பாதியைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் எல்லாம் எதிராளிக்கு. துருப்பு ராஜாவும் ராணியும் ஒரே கையில் வந்தால் முதல் சீட்டை இறக்கும்போது "பெலோத்", அடுத்ததற்கு "ரெபெலோத்" என்று சொல்ல வேண்டும், அதற்கு இருபது தனி.

கேட்ட இனம் இருந்தால் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் துருப்பால் வெட்ட வேண்டும், கூட்டாளி ஏற்கனவே ஜெயித்துக்கொண்டிருந்தால் மட்டும் விலக்கு.

கெடிலக்கரை தம்பிக்கு: நிறுவிவிட்டேன். பேரன் வீடியோ அழைப்பில் வந்து உதவினான். குரலைப் பெண்குரலாக மாற்ற முடியுமா என்று கேட்டேன், அதற்குள் அவனுக்கு வேலை வந்துவிட்டது. நீங்கள் சொன்ன அந்தத் துருப்புப் பட்டியல் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் கடைசியாக முடிந்த பிடியை மட்டும் திரும்பக் கேட்க வசதி வேண்டும் என்பேன். திண்ணையிலேயே அதைத் திருப்பிப் பார்க்க அனுமதி உண்டு. கண் தெரிந்தவருக்கு இருந்த உரிமை எனக்கு எதற்குக் குறைய வேண்டும்?

லாஸ்பேட்டை நிரலர்:

அக்கா முதலில் இறக்கிய செயலி ஏன் ஊமையாக இருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

டாக்பேக் திரையைப் பார்ப்பதில்லை. செயலி தன்னிடம் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, அவற்றின் பெயர் என்ன, அவற்றை என்ன செய்யலாம் என்று கைபேசி அமைப்பிடம் ஒரு பட்டியல் ஒப்படைக்கும். அதைத்தான் டாக்பேக் படிக்கிறது. சாதாரணச் செயலிகளில் இந்தப் பட்டியல் பாதி தானாகவே அமைந்துவிடும். விளையாட்டுகள் பெரும்பாலும் யூனிட்டி போன்ற இயந்திரங்களில், அதாவது விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களில், செய்யப்படுகின்றன. அவை மேசை, சீட்டு, பொத்தான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஓவியமாக வரைந்துவிடும். கைபேசிக்குத் தெரிவது அந்த ஓவியம் மட்டும்தான். விளம்பரம் வேறு இடத்திலிருந்து வரும் சாதாரணப் பக்கம், அதனால்தான் அது மட்டும் வாய் திறந்தது.

முன்பெல்லாம் "இயந்திரத்தில் வசதி இல்லை" என்று நாங்கள் தப்பித்துக்கொள்வோம். யூனிட்டி 2023.2 பதிப்பிலிருந்து டாக்பேக்கோடும் ஐபோனின் வாய்ஸ்ஓவரோடும் பேசும் வசதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் அது தானாக நடக்காது, ஒவ்வொரு சீட்டுக்கும் நிரலர் உட்கார்ந்து பெயர் வைக்க வேண்டும். 32 சீட்டுக்குப் பெயர் வைப்பது பெரிய வேலையில்லை. எந்த நேரத்தில் எதைப் பேச வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் வேலை. இணையதளங்களில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது: ஒரு செய்தி, ஓடும் பேச்சு முடியும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டுமா, குறுக்கே புகுந்து பேச வேண்டுமா என்று குறிக்கலாம். "உங்கள் முறை" என்பது புகலாம். "இன்னார் அரட்டையில் சிரித்தார்" என்பது காத்திருக்கட்டும்.

அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். "பார்வையற்றவர்களுக்கு வசதி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் அது குப்பைக்குப் போகும். "மேசைத் திரையில் சீட்டுகளுக்குப் பெயர் இல்லை, சீட்டை இழுத்துத்தான் போட முடிகிறது, இருமுறை தட்டிப் போட வழி இல்லை, யோசிக்கும் நேரத்தை நீட்டிக்க முடியவில்லை" என்று திரையின் பெயரோடும் கைபேசியின் விவரத்தோடும் எழுதினால் ஒரு நிரலரின் மேசைக்கு வந்து சேரும். நேரக் கெடுதான் பலரை விரட்டுகிறது. பார்த்து ஆடுகிறவருக்கு அளந்து வைத்த நொடிகள், கேட்டு ஆடுகிறவருக்குப் பற்றாது.

வில்லியனூர் வாசகர்:

ஓர் எச்சரிக்கை. சீட்டாட்டச் செயலி என்று தேடினால் காசு கட்டி ஆடும் ரம்மிகள்தான் முன்னால் வந்து நிற்கும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. "உங்களுக்கு மட்டும் வழி இருக்கிறது" என்று எவராவது இணைப்பு அனுப்பினால் தொடாதீர்கள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று உடனே சரிபார்க்க முடியாதவர்களைக் குறிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கெடிலக்கரை சொன்ன தளத்தில் காசுப் பேச்சே இல்லை என்பதால் நிம்மதி.

கெடிலக்கரை:

கடைசிப் பிடி விஷயத்தில் அக்கா பக்கமே நிற்கிறேன்.

வீட்டில் நேரில் ஆடவும் ஆசை இருந்தால் சொல்கிறேன். பிரெய்ல் முழுக்கக் கற்க வேண்டாம். பெலோத்துக்கு எட்டு மதிப்பு, நான்கு இனம், அவ்வளவே. சீட்டின் மூலையில் இரண்டு குறிகள் இருக்கும்: முதலாவது மதிப்பு, இரண்டாவது இனம், ஆங்கில முதலெழுத்தில். எட்டுக்கும் ஆர்ட்டினுக்கும் பிரெய்ல் புள்ளிகள் ஒன்றுதான், ஆனால் நிற்கும் இடம் வேறு என்பதால் குழப்பம் வராது. ஆகப் பதினோரு குறிகள் கைக்குப் பழகினால் போதும். பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கி, பிரெய்ல் சிலேட்டும் ஊசியும் வைத்திருக்கிற யாரிடமாவது கொடுத்தால் குத்தித் தந்துவிடுவார்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டிலும் குத்தச் சொல்லுங்கள், சீட்டு தலைகீழாக வந்தாலும் விரலுக்கு எட்டும். கடையில் வாங்குவதென்றால் ஊனோவுக்கே பிரெய்ல் கட்டு 2019இல் வந்துவிட்டது.

ஒரே நிபந்தனை. பிரெய்ல் சீட்டை நாம் கலைத்துப் போடக் கூடாது. போடும்போதே யாருக்கு என்ன போகிறது என்று விரல் படித்துவிடும். எங்கள் கூட்டத்தில் இதனால் ஒரு முறை பெரிய சண்டை. பார்வையுள்ளவரைத்தான் இப்போது போட வைக்கிறோம், அல்லது போடுகிறவர் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும்.

குருசுக்குப்பத்து அக்கா:

கையுறை! சொல்தாக்கள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

நேற்று இரவு உட்கார்ந்தோம். தம்பிக்கும் எனக்கும் ஒரு பக்கம், எதிரே அவன் மனைவியும் பெரியப்பா மகனும். முதல் ஆட்டத்தில் என் கையிலிருந்த எட்டையும் வரிசையாக ஞாபகம் வைப்பதற்குள் முறை வந்துவிட்டது. அம்புக்குறியை முன்னும் பின்னும் தட்டிக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர் வேலையில் ஒரு காதில் சென்னை, மறு காதில் காரைக்கால் என்று வைத்துக்கொண்டு பழகியதால் இரண்டாவது ஆட்டத்தில் கணினியின் குரல் பின்னுக்குப் போய்ச் சீட்டு மட்டும் முன்னால் நின்றது. மூன்றாவதில் ஸ்பேட் ஒன்பதும் ஏஸும் என்னிடம். நடுவில் திரும்பியது ஸ்பேட் ஜாக்கி. எடுத்தேன். பெரியப்பா மகனிடம் ஸ்பேட் பத்தும் ஏழும் இருந்தன. அவன் பத்தைக் காப்பாற்ற முடியாமல் போட்டபோது என்விடிஏ எந்த உணர்ச்சியும் இல்லாமல் அதைப் படித்தது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. மருமகள் சிரித்திருப்பாள்.

குறை ஒன்று உண்டு. சீட்டை அறைய முடியவில்லை. என்டர் விசையை ஓங்கி அடித்துப் பார்த்தேன், மடிக்கணினி பாவம்.

தம்பி மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வந்துவிட்டதாம், அன்று ஓர் இடம் காலி. நம் நேரம் இரவு ஒன்பது மணி, அங்கே அப்போது மாலை ஐந்தரை. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் நமக்குப் பத்து மணியாகிவிடும், அதற்குள் என்றால் நல்லது. அழைத்தவர் மட்டும் வரும்படி மேசையைப் பூட்டி வைப்போம். கெடிலக்கரை தம்பி, பெலோத் தெரியாது என்ற சாக்கு இனிச் செல்லாது. துருப்பில் ஒன்பதுக்குப் பதினான்கு என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள்.

கெடிலக்கரை:

வருகிறேன். ஆனால் அக்கா, என்னைத் தம்பியின் கூட்டாளியாகப் போடுங்கள். நான் தப்பாக வெட்டினால் திட்டு பாரீஸிலிருந்து வரட்டும்.